ஏரித் தண்ணீருக்கு ராக்கர்: பேடில்போர்டின் அடி வளைவைக் கணக்குப் போட்டு வரைவது

வீட்டிலேயே பேடில்போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் மிதவைப் பலகை) செய்ய உட்காருபவர்கள் முதலில் வரைவது மேலிருந்து பார்க்கிற உருவத்தைத்தான். அகலம் எவ்வளவு, மூக்கு கூரா மொட்டையா, வால் சதுரமா வட்டமா என்று அதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். உண்மையில் அந்த உருவத்தில் ஐந்து மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. பலகையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் மூக்கிலிருந்து வால்வரை அடிப்பாகம் ஒரு வில்லாகத் தெரியும். அதுதான் ராக்கர். அதில் பத்து மில்லி தப்பினால், முதல் பத்து துடுப்பு வீச்சிலேயே பலகை காட்டிக்கொடுத்துவிடும்.

இணையத்தில் கிடைக்கிற அளவுகளை அப்படியே எடுப்பதில்தான் முதல் கோளாறு. அவற்றில் பாதி கடல் அலைக்குப் போட்டவை. கோவளத்தில் அலை மேலிருந்து சரிந்து இறங்கும்போது மூக்கு தண்ணீருக்குள் குத்தக்கூடாது என்பதற்காக மூக்கை 5 முதல் 7 அங்குலம் வரை தூக்குவார்கள். சேலத்துக்காரருக்குக் கையெட்டும் தண்ணீர் என்றால் மூக்கனேரி, ஏற்காடு ஏரி, பூலாம்பட்டி கதவணைத் தேக்கம், மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். இதில் எதிலும் உடையும் அலை கிடையாது. அங்கே 6 அங்குல மூக்கு வைத்தால், பலகையின் முன்பகுதி இரண்டடி காற்றில் தொங்கிக்கொண்டு சும்மா கூட வரும். தண்ணீரைத் தொடுகிற நீளம் குறையக் குறைய, ஒவ்வொரு வீச்சுக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள்: தொட்டால் சுழலும், நேராகப் போகச் சொன்னால் போகாது. வளைவு கூடக் கூடப் பலகையும் பரிசலின் குணத்துக்கு வந்துவிடும்.

அதற்காகத் தட்டைப் பலகையாகவும் விட முடியாது. ஆடி மாதக் காற்றில் மேட்டூர் தேக்கத்தில் குட்டையான, நெருக்கமான அலை எழும். தட்டை மூக்கு ஒவ்வொன்றிலும் 'டப் டப்' என்று அறையும், தண்ணீர் மேலேறிக் காலை நனைக்கும். வால் தட்டையாக இருந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு கூடவே இழுபடும். நாள் முழுக்க ஒரு வாளியைக் கட்டி இழுத்த மாதிரி கை வலிக்கும்.

எனவே ராக்கரை அழகுக்கு வரையக்கூடாது. உங்கள் எடைக்குத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கும் என்று முதலில் கண்டுபிடித்து, அந்தக் கோட்டை வைத்து மூக்கையும் வாலையும் தூக்க வேண்டும். கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான்.

ஆள் 75 கிலோ, பலகை 12 கிலோ என்று வைப்போம். மொத்தம் 87. ஏரியும் ஆறும் நன்னீர், ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே பலகை 87 லிட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். கடல் நீர் இரண்டரை சதவீதம் கனம் என்பதால் அங்கே 85 லிட்டரே போதும். கடலுக்கு வரைந்த பலகை இங்கே ஒரு மில்லி கூடுதலாக அமிழ்வது இதனால்தான். அது பெரிய விஷயமில்லை.

எடுத்துக்காட்டுக்கு 3500 மி.மீ. நீளம், 760 அகலம், நடுவில் 115 கனம் உள்ள பலகையை எடுத்துக்கொள்ளலாம். அடிப்பாகத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைச் சரியாக நடுவில் வைக்காமல் 100 மி.மீ. பின்தள்ளி, வாலிலிருந்து 1650-ல் வைக்கிறோம். மூக்குப் பக்கம் 1850 மிச்சம். மூக்கு நுனி 110 எழும்புகிறது, வால் நுனி 45.

இடையில் வளைவு எப்படி ஏறுகிறது என்பதுதான் கெட்டிக்காரத்தனம் தேவைப்படுகிற இடம். ஒரு புள்ளியின் தூரத்தை அந்தப் பக்கத்து முழு நீளத்தால் வகுங்கள். வருகிற விடையை அதே விடையால் பெருக்கி, பிறகு அதன் வர்க்கமூலத்தாலும் பெருக்குங்கள். கடைசியில் நுனி உயரத்தால் பெருக்கினால் அந்த இடத்து ராக்கர் கிடைக்கும். அதாவது இரண்டரை அடுக்கு. போன் கால்குலேட்டரே போதும். நம் பலகைக்கு, தாழ்ந்த புள்ளியிலிருந்து அளந்தால், எல்லாம் மில்லிமீட்டரில்:

மூக்குப் பக்கம்: 300-ல் 1, 600-ல் 6.5, 900-ல் 18, 1200-ல் 37, 1500-ல் 65, 1850-ல் 110.
வால் பக்கம்: 300-ல் 0.6, 600-ல் 3.6, 900-ல் 10, 1200-ல் 20, 1650-ல் 45.

ஏன் இரண்டரை? வெறும் வர்க்கம் போட்டால் 900-ல் 26 வந்துவிடும், நடுப்பகுதியே உருண்டு போகும். தண்ணீரில் வேகம் தருவது நடுவில் இருக்கிற கிட்டத்தட்ட நேரான பகுதிதான். மூன்றரை அடுக்கு போட்டால் 900-ல் வெறும் 9, 1500-ல் 53. பிறகு கடைசி 350 மில்லிக்குள் 57 ஏற வேண்டும். ஏற்காடு மலைப்பாதையை நினைத்தால் புரியும். மொத்த ஏற்றம் ஒன்றுதான், ஆனால் அதைச் சீராக ஏறுவது வேறு, ஒரே கொண்டை ஊசியில் தூக்குவது வேறு. கடைசியில் தூக்கிய மூக்கு நுனியில் கிட்டத்தட்ட 12 டிகிரி சாய்ந்து நிற்கும், சின்ன அலையைக்கூட வெட்டாமல் தள்ளும். இரண்டரைக்கு அந்தச் சாய்வு எட்டரை டிகிரிதான். இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டுக்கு மேற்பட்ட அடுக்கில் தாழ்ந்த புள்ளியில் வளைவு பூஜ்யத்துக்கு வந்துவிடும். மூக்குப் பக்கக் கோடும் வால் பக்கக் கோடும் சந்திக்கிற இடத்தில் ஒட்டுப்போட்ட அடையாளமே இருக்காது.

இனி தண்ணீர்க் கோடு. ரெயில், அதாவது பலகையின் பக்க விளிம்பு, உருண்டையாக இருப்பதால் நனைகிற அகலம் வெளி அகலத்தைவிடக் குறைவு. தாழ்ந்த புள்ளியில் 720. அங்கிருந்து மூக்குப் பக்கம் அதே தூரங்களில் 715, 690, 630, 520, 340, நுனியில் 0. வால் பக்கம் 710, 690, 640, 560, வால் நுனியில் 300. பலகை 60 மில்லி அமிழ்கிறது என்று ஒரு ஊகம் வையுங்கள். மூக்குப் பக்கம் 900-ல் ராக்கர் 18, ஆக அங்கே ஆழம் 42. அகலம் 630-ஆல் பெருக்கினால் 26,460 சதுர மில்லி. இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் எடுத்து, அடுத்தடுத்த இரண்டின் சராசரியை இடைவெளியால் பெருக்கிக் கூட்டினால் 91 லிட்டர் வருகிறது. நமக்கு வேண்டியது 87. இரண்டு மில்லி ஏற்றி 58 என்று வைத்தால் சரியாகிவிடும்.

58 தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விழும். வால் நுனி 45-ல் இருக்கிறது, ஆக 13 மில்லி அமிழ்ந்திருக்கும். ஏரிப் பலகைக்கு 10 முதல் 15 நல்ல அளவு. வாலை 25 மட்டும் தூக்கியிருந்தால் முப்பது மில்லிக்கு மேல் அமிழ்ந்து, பின்னால் 'களக் களக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். மூக்குப் பக்கம் ராக்கர் 58-ஐத் தொடுவது தாழ்ந்த புள்ளியிலிருந்து 1430 அளவில். அதற்கு முன்னால் உள்ள 420 மில்லி காற்றில் நிற்கும், அலை வந்தால் மட்டும் தண்ணீரைத் தொடும். நனைகிற நீளம் 3080. மேட்டூருக்கு மட்டும் என்றால் மூக்கை 130 ஆக்கலாம். மூக்கனேரி, ஏற்காடு ஏரி மாதிரி அடங்கிய தண்ணீருக்கு மட்டும் என்றால் 85 தாராளம். 110 என்பது இரண்டுக்கும் பொதுவாக ஓடும்.

இதே பலகையில் 90 கிலோ ஆள் ஏறினால் தண்ணீர்க் கோடு 66-க்குப் போகும், வால் 21 அமிழும். அவருக்கு வால் ராக்கர் 52 வேண்டும், அல்லது பலகை அகலம் கூட வேண்டும். நண்பரின் பலகையை அப்படியே நகலெடுக்கும் முன் நண்பரின் எடையையும் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

இந்தக் கூட்டலிலிருந்தே மிதப்பு மையமும், அதாவது தண்ணீர் பலகையை மேலே தள்ளும் விசை ஒன்றுசேரும் இடமும், கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் லிட்டரையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். இந்த உருவத்தில் மூக்கு கூர், வால் அகலம் என்பதால் மையம் பலகையின் நடுவிலிருந்து சுமார் 21 செ.மீ. பின்னால் விழுகிறது. நிற்க வேண்டிய இடம் அதுதான். கைப்பிடிக் குழி தூக்குவதற்கான சமநிலைப் புள்ளியில் இருக்கும். அதையே நிற்கும் இடம் என்று எடுத்துக்கொண்டால் மூக்கு தாழும். தோராயமாக 10 செ.மீ. முன்னால் நகர்ந்தால் மூக்கு நுனி ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் தாழும், வாலும் அதே அளவு எழும். பார்த்துப் பார்த்துப் போட்ட 13 மில்லியை ஒரு காலடியில் தொலைத்துவிடலாம்.

கணக்கை நம்ப மனம் வரவில்லையென்றால் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி செய்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பாருங்கள். ஒரு அங்குலத் தெர்மாகோல் போதும். நீளம் 700, மூக்கு 22, வால் 9. நீளம் ஐந்தில் ஒன்றானால் எடை 125-ல் ஒன்று. 87 கிலோவை 125-ஆல் வகுத்தால் 696 கிராம். மாதிரியையும் ஒரு சின்ன மணல் பையையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் 696 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். பையை நடுவிலிருந்து 42 மில்லி பின்னால் வைத்து, பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு விடுங்கள். தண்ணீர் தாழ்ந்த புள்ளியிலிருந்து பன்னிரண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக நின்று, மூக்கு நுனி எட்டு செ.மீ. காய்ந்திருந்தால் கணக்கு சரி. தண்ணீர் பதினைந்துக்குப் போனால் எங்கோ ஓர் அகலத்தைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

மற்றவர் பலகையை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பலகையைக் கவிழ்த்து, மேலே நேரான அலுமினியச் சதுரக் குழாயை வைத்து மூக்கிலும் வாலிலும் இடைவெளி எடுப்பார்கள். வளைந்த அடிமேல் குழாய் சீசா மாதிரி ஆடும். நம் பலகையிலேயே குழாயைச் சற்றே சாய்த்துவிட்டால் 110-ம் 45-ம் ஏறக்குறைய 80-80 ஆகிவிடும். கூட்டுத்தொகை மட்டும் அதிகம் மாறாமல் 160-ஐ ஒட்டியே நிற்கும். குழாய் எந்த இடத்தில் தொட்டது என்று சொல்லாத ராக்கர் எண்ணை நம்பாதீர்கள். பலகையின் நடுவில் தொடும்படி வைத்து அளப்பது வழக்கம். அப்படி அளந்தால் நம்முடையது 107-48 என்று காட்டும்.

எண்கள் கையில் வந்தபின் கோடு. சிமெண்ட் தரையில் சாக்பீஸ் நூல் தட்டி 3600 நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை, வளைவைப் படுக்கையில்தான் வரைகிறோம். மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு இடத்திலும் செங்குத்துக் கோடு எழுப்பி, ராக்கர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ரீப்பர். முடிச்சில்லாத தேக்கு, 12-க்கு 6 மில்லி, நான்கு மீட்டர் ஒரே துண்டு. முடிச்சு இருந்தால் அந்த இடத்தில் ரீப்பர் வளைய மறுக்கும், வளைவில் ஒரு தட்டை விழும். ரீப்பரைக் குறிகளின் மேல் நிறுத்த, பழைய மளிகைக் கடை இரும்பு எடைக்கல்லைவிட நல்ல சாதனம் இல்லை. ஒன்றும் இரண்டும் கிலோவுமாக ஒரு டஜன் இருந்தால் போதும்.

இப்போது ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பாருங்கள். ஒரு கல்லை எடுத்ததும் ரீப்பர் அங்கே அசையாமல் நின்றால் அந்தக் குறி சரி. துள்ளி ஒரு மில்லிக்கு மேல் நகர்ந்தால் அந்தக் குறியில்தான் தப்பு. அளந்ததில் தவறியிருக்கும், அல்லது கணக்கில். 1200-ல் 37-க்குப் பதில் 40 குறித்திருந்தால், 1200 கல்லை எடுத்த நொடியில் ரீப்பர் உள்ளே இழுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மில்லிக்குள் சண்டை வந்தால் ரீப்பர் பக்கம் போய்விடுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள். தச்சர்கள் நூல் கணக்கில் பேசுவார்கள். ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம், மூன்று மில்லிக்குச் சற்று மேல். இந்த வேலைக்கு நூல் மிகப் பருமன். மில்லியிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தரையோடு தரையாகக் கன்னம் வைத்து ஒரு கண்ணை மூடிக் கோட்டின் நீளவாக்கில் பாருங்கள். தூரம் சுருங்கித் தெரியும்போது கண்ணுக்குத் தப்பாத மேடே கிடையாது.

இந்தக் கோட்டிலிருந்துதான் ஸ்ட்ரிங்கரும் அச்சும். ஸ்ட்ரிங்கர் என்பது பலகையின் நடுவில் நீளவாக்கில் ஓடும் மரப்பட்டை. அதற்கு 6 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. ஷீட் எட்டடிதான் என்பதால் 3500-க்கு ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். இரு முனையையும் எட்டுக்கு ஒன்று சரிவாக இழைத்து, அதாவது 48 மில்லி நீளத்துக்குச் சீவி, எபாக்சி வைத்து ஒட்ட வேண்டும். முழுநீளத் துண்டை வாலிலிருந்து வைத்தால் ஒட்டு மூக்குப் பக்கம் தள்ளிப் போய்விடும். ஒட்டு காலுக்குக் கீழே வரவே கூடாது. ஆளின் எடை முழுக்க வளைக்கப் பார்ப்பது அங்கேதான்.

மேல் கோட்டையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். அடி ராக்கரோடு அந்தந்த இடத்துக் கனத்தைக் கூட்டினால் மேல் கோடு. நடுவில் 115 என்றால் மூக்கு நுனியில் 45, வால் நுனியில் 40 போதும். அடி வளைவையே நகலெடுத்து மேலேயும் போட்டால் மூக்கும் நடுவளவு தடிப்பாகிவிடும். காற்றுக்குத் தலை கொடுக்கும், தூக்கும்போது முன்பாரம் அடிக்கும்.

உடம்புக்குத் தெர்மாகோல். கனமீட்டருக்கு 20 முதல் 24 கிலோ அடர்த்தி கேட்டு வாங்க வேண்டும். பேக்கிங்குக்கு வருகிற மெல்லிய ரகத்தில் விரல் வைத்தாலே குழி விழும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக உதிரும், வளைவு கையிலேயே கரைந்துவிடும்.

வளைவை வெட்ட இரண்டு வழி. மெல்லிய ஷீட்டுகளை வளைவான மேடைமேல் அடுக்கி, பசை போட்டு, பாரம் ஏற்றி வளைத்து ஒட்டுவது ஒன்று. பசை காய்ந்து பாரத்தை எடுத்ததும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். எவ்வளவு என்றால், சம கனமுள்ள அடுக்குகளின் எண்ணிக்கையை வர்க்கம் செய்து ஒன்றை அதனால் வகுத்த பங்கு. இரண்டு அடுக்கானால் நாலில் ஒரு பங்கு, மூன்றானால் ஒன்பதில் ஒன்று, நான்கானால் பதினாறில் ஒன்று. 110 வேண்டுமானால் இரண்டு அடுக்குக்கு மேடையில் 147 வைக்க வேண்டும், மூன்று அடுக்குக்கு 124. இதை அறியாமல் 110 மேடையில் இரண்டு அடுக்கு ஒட்டியவருக்கு 82 தான் மிஞ்சும்.

இரண்டாவது வழி தடித்த பிளாக்கைச் சூடான கம்பியால் அறுப்பது. ராக்கர் துல்லியத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ராக்கர் கோடும் மேல்கோடும் உள்ள அச்சை இரண்டு பிரதி எடுத்து, பிளாக்கின் இரு பக்கமும் நான்கு அங்குல ஆணியால் பொருத்துங்கள். அச்சின் விளிம்பில் சன்மைக்கா பட்டை ஒட்டினால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பில் ஒரு சிராய் இருந்தாலும் கம்பி அங்கே தடுக்கி நிற்கும். நின்ற இடத்தில் தெர்மாகோல் உருகி ஒரு வாய்க்கால் விழுந்துவிடும். 26 கேஜ் நிக்ரோம் கம்பி ஒரு மீட்டர், 24 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்க வழி இவ்வளவும் வேண்டும். கம்பி சிவக்கக்கூடாது. சிவந்தால் சூடு அதிகம், வெட்டு அகலமாகிக் கணக்கு கெடும். புகை வரும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

கம்பியின் இரு முனையையும் இரண்டு பேர் பிடிப்பார்கள். இரு அச்சிலும் 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதிவிடுங்கள். ஒருவர் "பன்னிரண்டு" என்று சொல்லும்போது மற்றவர் முனையும் பன்னிரண்டில் இருக்க வேண்டும். ஒருவர் முந்தினால் பலகை முறுக்கிக்கொள்ளும். அவசரப்பட்டால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி வில்லாக வளையும். மூக்குப் பக்கம் வளைவு ஏறும் இடத்தில் நடுவும் ஓரமும் ஒரே அளவில் வராது. கம்பி நேராக நிற்கும் வேகம்தான் சரியான வேகம். பிளாக் இரண்டு அடுக்காக ஒட்டியது என்றால், பசைக் கோட்டைக் கம்பி கடக்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பசை போடாமல் விட்டிருக்க வேண்டும். காய்ந்த பசையைக் கம்பி அறுக்காது, ஏறித் தாண்டும்.

முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். அடியிலிருந்து கழிந்து விழும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ராக்கருக்கு அச்சு அசலான தொட்டில் அதுதான்.

வெட்டி முடித்ததும் முறுக்கைச் சோதிக்க வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு நேரான ரீப்பர்களை ஒன்றை மூக்கருகிலும் ஒன்றை வாலருகிலும் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். இரண்டு மேல்விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் 4 மில்லி தூக்கினாலே பலகை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். வாலடியில் மாட்டும் ஃபின் தகட்டை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. இந்த நிலையில் உப்புத்தாள் கட்டையால் சரி செய்ய அரைமணி. ஃபைபர் போட்டபின் சரி செய்ய வழியே இல்லை.

பிறகு நடுவில் நீளவாக்கில் அறுத்து ஸ்ட்ரிங்கரை வைத்து ஒட்டுவது. ஸ்ட்ரிங்கரும் தெர்மாகோலும் ஒரே மட்டத்துக்கு வர இழைக்கும்போது, மிருதுவான தெர்மாகோல் சீக்கிரம் தேயும், பிளைவுட் நிற்கும். நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்காமல் கையால் தேய்த்தால், ஸ்ட்ரிங்கர் மேடாகவும் இரண்டு பக்கமும் வாய்க்காலாகவும் ஆகிவிடும். ஸ்ட்ரிங்கரை மட்டும் சின்ன இழைப்புளியால் ஓட்டி, கோடு மறைவதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரெசின் எபாக்சிதான். ஃபைபர் கதவு, தொட்டி வேலைக்கு விற்கிற பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஊற்றிய இடத்தில் பள்ளம் விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இந்தக் கட்டத்தில் ராக்கர் கெடுவது ஒரே காரணத்தால்: பலகையை இரண்டு ஸ்டூல்மேல் வைத்து, மூக்கும் வாலும் அந்தரத்தில் தொங்க, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஃபைபர் துணியையும் ரெசினையும் ஏற்றுவது. ஈரப் பாரத்தில் நுனிகள் மில்லி மில்லியாகத் தாழும், ரெசின் அந்தத் தாழ்வையே கெட்டிப்படுத்திவிடும். கழிவுத் துண்டுத் தொட்டிலில் உட்கார வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. மேல்பக்கத்துக்கு முதலில் பலகையைத் தொட்டிலில் வைத்துத் துணி போடுங்கள். அது காய்ந்து விறைத்தபின் கவிழ்த்து அடிப்பக்கம் போட்டால் வளைவு அசையாது.

சேலத்துச் சித்திரை வெயிலில் எபாக்சி உங்களுக்காகக் காத்திருக்காது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேலை செய்யும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் 30 நிமிடம் என்றால் 35-ல் கால் மணிதான். சின்னச் சின்னக் கப்பில் கலக்கி, சாயங்காலம் வெப்பம் இறங்கத் தொடங்கியபின் ஆரம்பியுங்கள். காலையில் போட்டால் சூடேற ஏறத் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று விரிந்து துணிக்கடியில் கொப்புளம் எழுப்பும். ஏற்காட்டில் செய்கிறவர்களுக்கு உபத்திரவம் வேறு. மூடுபனி ஈரத்தில் காய்ந்த ரெசின் மேல் மெழுகுப் பிசுக்கு படியும். அடுத்த அடுக்குக்கு முன் வெந்நீரால் கழுவித் தேய்த்தாக வேண்டும்.

மலைக்குப் பலகையை ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு, ஏற்காடு 1,500. மேலே போனதும் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றுப் புகாமல் அடைத்த பலகைக்குள் சேலத்துக் காற்று அப்படியே இருந்தால், சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் வெளியே தள்ளும். உள்ளே கூடான பிளைவுட் பலகையானால் அடி உப்பி, ராக்கர் வயிறாகிவிடும், ஒட்டுகள் பிரியும். தெர்மாகோல் உள்ளதும் தப்பாது, துணி கொப்புளிக்கும். மேல்தளத்தில் ஒரு காற்றுத் திருகு வைத்து, அடிவாரத்தில் திறந்து, 20 கொண்டை ஊசியும் ஏறி முடித்து, தண்ணீரில் இறக்கும் முன் மூடுங்கள். இறங்கும்போதும் அதே. மூடியபடி இறங்கினால் பலகை உள்ளே உறிஞ்சும், மெல்லிய விரிசல் இருந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

முதல் முறை இறக்குவதற்குப் பூலாம்பட்டித் தேக்கம் மாதிரி அடங்கிய தண்ணீரே நல்லது. மேட்டூரில் ஆனாலும் ஏற்காட்டில் ஆனாலும் அனுமதி கேட்டுக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டோடு இறங்குங்கள். மூக்கின் பக்கவாட்டிலும் வாலிலும் 10 மில்லிக்கு ஒரு கோடாக இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, ஒருவர் கரையில் தண்ணீர் மட்டத்துக்குப் போனைத் தாழ்த்திப் பிடித்துப் படம் எடுக்கட்டும். நிற்பவர் அசையாமல் இருக்கும்போது ஒன்று, மெதுவாகத் துடுப்புப் போடும்போது ஒன்று. வாலில் சுழிப்புச் சத்தம் வந்தால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக முன்னால் நகருங்கள். சத்தம் நின்ற இடத்தில் மேல்தளத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு கணக்கில் வந்த 21 செ.மீ.க்கு ஒரு சாணுக்குள் விழுந்தால் வளைவு நீங்கள் வரைந்தபடியே வந்திருக்கிறது. முன்னால் நகர்ந்து நகர்ந்து நடுவையும் தாண்டிய பிறகும் சத்தம் ஓயவில்லையென்றால், வால் ராக்கர் எங்கேயோ தொலைந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த ஸ்டூல்மேல்தான்.